பதினொரு முட்டையும் என் மூக்கும்

அடைக்கு வைத்தது பதினொன்று. ஏழாம் நாள் பத்து. ஒன்பதாம் நாள் ஒன்பது. பதினொன்றாம் நாள் எட்டு. நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நாற்பத்தோரு வருடம் ஸ்டோர் பார்த்தவன் நான். கந்தகம் எத்தனை மூட்டை வந்தது, எத்தனை போனது, இருப்பு எத்தனை என்று எழுதியே பழகிய கை. ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு மிஞ்சியவை மாத்திரைகள், கொல்லைக்கு இறங்கும் ஏழு படிகள், பிறகு இந்த முட்டைகள்.

மூக்கு போய் நான்கு வருடமாகிறது. ஒரு சளி வந்தது; சளி போனது; கூடவே வாசனையும் போனது. காப்பி, சாம்பிராணி, தீய்ந்த பால் எல்லாம் எனக்கு ஒன்றுதான். மூன்று டாக்டர்களைப் பார்த்தேன். வயதும் அந்தப் பழைய தூசியும் சேர்ந்து செய்திருக்கலாம் என்றார் ஒருவர். "வந்தா வரும்" என்றார் இன்னொருவர். அதற்கு ஒரு ஃபீஸ். மூன்றாமவர் என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

முட்டை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மகளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து இப்போது மூன்றாவது மாதம். பிரசவம் மாசியில். பிள்ளை பெற்றவளுக்குச் சிறுவிடை நாட்டுக்கோழி போட்டுத்தான் ரசம் வைத்துக் கொடுக்க வேண்டும், அதுவும் தன் கொல்லையில் தானே தீனி போட்டு வளர்த்த கோழியாக இருக்க வேண்டும் என்பது என் மனைவியின் தீர்மானம். கடையில் வாங்கலாமே என்றேன். "ஊசி போட்ட கோழிய எம் பிள்ளைக்குக் குடுப்பேனா" என்று கேட்டாள். ஆவணியில் பொரித்தால்தான் மாசிக்குக் கறிக்கு ஆகும். இந்த அடை தவறினால் ஐப்பசி மழை வந்துவிடும். வீட்டில் இருப்பது ஒரே பெட்டை. ஆக, எல்லாம் இந்தப் பதினொன்றில்தான் இருந்தது.

அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி எட்டு மாதம். ஏழு படி இறங்க முடியாது. கொல்லை முழுவதும் என் பொறுப்பு, மேற்பார்வை மட்டும் அவளுடையது. பின்வாசல் நிலைப்படியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு சொல்லுவாள், நான் கீழே செய்வேன். பட்டாசு அட்டைப்பெட்டி ஒன்றில் மணலும் வைக்கோலும் போட்டு, முட்டைகளை ஒற்றைப்படையாக அடுக்கி, கூடவே ஓர் இரும்புத் துண்டு, ஒரு கரிக்கட்டை, ஒரு வத்தல் மிளகாய் வைக்கச் சொன்னாள். இடிச் சத்தத்தில் முட்டை கலங்காமல் இருப்பதற்காம்.

"இங்க மழை எங்க இருக்கு, இடி எங்க இருக்கு?" என்றேன்.

அந்த நேரம் பார்த்துத் தெற்கே ஒரு கம்பெனியில் வெடி போட்டுப் பார்த்தார்கள். தகரக் கூரை அதிர்ந்தது.

"அதுக்கும் அதே இரும்புதான். வைங்க" என்றாள்.

வைத்தேன். பெட்டியைத் தகரச் சாய்ப்பின் கீழ் வைத்து, காற்று அடிக்காமல் இருக்க மேலே ஒரு சாக்கை மடித்துப் போட்டேன். ஏழாம் நாள், செல்போன் டார்ச்சை ஒவ்வொரு முட்டையின் பின்னாலும் பிடித்துப் பார்த்தேன். பத்தில் நரம்பு ஓடியிருந்தது. ஒன்று கலங்கிக் கிடந்தது. அதை எடுத்து வேலியோரம் எறியப் போகையில் கையிலேயே உடைந்தது. உள்ளே இருந்ததை மண்ணில் உதறிவிட்டுக் கையைத் தொட்டியில் கழுவினேன். மேலேயிருந்து, "கை களுவினீகளா?" என்று கேட்டாள். கழுவினேன் என்றேன். அது பொய் இல்லை.

ஒன்பதாம் நாள் ஒரு முட்டையைக் காணவில்லை. ஓடு கிடையாது, ஈரம் கிடையாது. நோட்டில் எழுதியது தப்போ என்று மூன்று தடவை எண்ணினேன்.

"பாம்பா இருக்கும்" என்றாள் மனைவி.

மணலில் தடம் இருந்தது. இரண்டு பக்கமும் நகம் பதிந்த கால்கள், நடுவில் வால் இழுத்த கோடு. பாம்புக்கு ஏது கால் என்று கேட்டேன். "அப்ப உடும்பு" என்றாள், எதுவும் நடக்காதது போல.

பத்தாம் நாள் காவல் உட்கார்ந்தேன். அடைக்கோழி ஒரு நாளைக்கு ஒரே தடவைதான் பெட்டியை விட்டு இறங்கும். முற்பகல் பதினொன்றரை வாக்கில் வந்து, தண்ணீர் குடித்து, தீனி பொறுக்கி, மண்ணில் புரண்டு, பதினெட்டு நிமிடத்தில் திரும்பிவிடும். களவு அந்தப் பதினெட்டு நிமிடத்தில்தான் நடந்திருக்க வேண்டும். துவைக்கிற கல்லுக்குப் பின்னால், தலை தெரியாமல் குந்தி உட்கார்ந்தேன். கோழி இறங்கியது. கிழக்கு வேலியில், சீமைக்கருவேலத் தூருக்குள்ளிருந்து ஒரு தலை வெளியே வந்தது. முழங்கை நீளம் இருக்கலாம், பெரியது என்று சொல்ல முடியாது. பிளவுபட்ட நாக்கை நீட்டியது, இழுத்தது, மறுபடி நீட்டியது. ஒன்பது தடவை எண்ணினேன். நான் அசையவில்லை, மூச்சுகூடப் பெரிதாக விடவில்லை. அது என்னைப் பார்த்திருக்க வழியே இல்லை. ஆனாலும் பத்தாவது தடவை நாக்கை நீட்டிவிட்டு, அப்படியே பின்வாங்கி வேலிக்குள் போய்விட்டது.

மறுநாளும் குந்தியிருந்தேன். கோழி இறங்கியிருந்த நேரத்தில் மகள் போன் செய்தாள். மேலே போய்ப் பேசிவிட்டு வர ஏழு நிமிடம். வந்தால் எட்டு முட்டை.

நூலகத்திலிருந்து ஊர்வன பற்றி ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். எனக்கு வேண்டிய இடத்தில் மூன்று தாள், அதாவது ஆறு பக்கம், கிழிபட்டிருந்தது. யார் கிழித்தார்களோ. மிஞ்சியிருந்த பக்கங்களில் இருந்து ஒன்று தெரிந்தது. உடும்பு நாக்கால்தான் வாடை பிடிக்கிறது. காற்றிலும் மண்ணிலும் இருக்கும் வாடைத் துகளை நாக்கின் இரண்டு நுனியிலும் ஒற்றியெடுத்து, மேலண்ணத்தில் உள்ள ஓர் உறுப்பில் சேர்க்கும். இடது நுனியில் அதிகமா, வலது நுனியில் அதிகமா என்று ஒத்துப் பார்த்து அந்தப் பக்கம் திரும்பும். இரைக்கும் அதுதான் வழி, எதிரியிடமிருந்து தப்பிப்பதற்கும் அதுதான் வழி.

இதைப் படித்த பிறகுதான் காற்றின் ஞாபகம் வந்தது. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தித் துவைக்கிற கல்லின் மேல் வைத்தேன். புகை நேராகக் கிழக்கே, உடும்பு தலை நீட்டிய அதே தூருக்குப் போனது. ஆவணி மேல்காற்று. நான் ஒளிந்திருந்த இடத்திலிருந்து என் வியர்வையும் என் தைலமும் உடும்பின் வாசலுக்கே போய்க்கொண்டிருந்திருக்கின்றன. ஊரில் எல்லாருக்கும் தெரிகிற காற்று, மூக்கு இருக்கிறவனுக்குத் தானாகத் தெரிகிற காற்று, எனக்குப் புகை போட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது. ஊதுபத்தியின் வாசனையும் வரவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பன்னிரண்டாம் நாள், எங்கள் பக்கத்து ஆள் யாரும் செய்யக்கூடியதைத்தான் செய்தேன். பாம்பு வந்தாலும் பூரான் வந்தாலும் இங்கே முதலில் நினைவுக்கு வருவது கந்தகம். நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ வாங்கி, பெட்டியைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு வட்டமாகத் தூவினேன். நாற்பத்தோரு வருடம் அளந்த சரக்கு, கோடு ஒரு இடத்தில்கூடக் கோணவில்லை. பார்த்து எனக்கே திருப்தியாக இருந்தது.

கோழி இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தது. கோட்டுக்கு ஓரடி முன்னால் நின்றது. கழுத்தை நீட்டியது, தலையைச் சாய்த்தது, பின்னால் போனது. இன்னொரு பக்கமாக வந்தது. அங்கேயும் கோடுதான். பதினெட்டு நிமிடம் தாண்டியது, முப்பது தாண்டியது. முட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன.

"அந்தக் கெரகத்தக் கூட்டித் தள்ளுங்க" என்று மேலேயிருந்து சத்தம் போட்டாள். "வாடை தாங்காம நிக்குது, கண்ணு தெரியலையா?"

"கோளிக்கு ஏது மூக்கு? மஞ்சளா இருக்கிறதப் பாத்து மிரளுது" என்றேன். பறவைக்கெல்லாம் கண்தான், வாடை தெரியாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன்.

"மூக்கு இல்லாதது கோளிக்கா?"

விளக்குமாற்றை எடுத்தேன். கூட்டித் தள்ளினேன். கோழி உள்ளே போகும்போது நாற்பத்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது. நிறத்தைப் பார்த்து நின்றதா, வாடையைப் பார்த்து நின்றதா என்று இன்றுவரை என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

பதின்மூன்றாம் நாள் விருதுநகருக்கு பஸ் ஏறினேன். அங்கே என் சிநேகிதர் ஒருவர், வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கும் பாய். இருபது மூட்டை இருந்தாலும் ஒரு பிடி அள்ளி முகர்ந்து, எது மழை பட்டது, எது போன வருடச் சரக்கு என்று சொல்லிவிடுவார். கடையில் கூட்டி அள்ளிய மிளகாய்த் தூசி ஒரு பை கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். அவர் ஒரு வத்தலை ஒடித்து என் மூக்கருகில் பிடித்தார்.

"எரியுதா அண்ணாச்சி?"

"எரியுது. மணந்தான் இல்ல."

"எரியுதுல்ல. அப்ப வாசல் இருக்கு, வீட்டுல ஆள் இல்ல." கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுச் சொன்னார். "தாரேன், கொண்டு போங்க. உடும்பு தும்முமோ என்னமோ. கோளி தும்மாது. இந்தா வாசல்ல பாருங்க, சிந்துற வத்தல் வெதைய புறாவும் குருவியும் அரிசி கணக்கா பொறுக்குது. ஒண்ணாச்சும் கண்ணக் கசக்குதா?"

அவர் சொன்னது காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. கேலி செய்த கடுப்பில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீடு திரும்பினால் மனைவியின் செருப்பு ஒன்று கொல்லையில் கிடந்தது. உடும்பு வந்ததைப் பார்த்து, இறங்க முடியாமல் மேலேயிருந்து எறிந்திருக்கிறாள். செருப்பு தொட்டியில் பட்டிருக்கிறது. முட்டை ஏழு.

"அஞ்சு நிமிசம் அங்கனயே நின்னுச்சு. நானும் கத்துறேன் கத்துறேன். அது பாட்டுக்கு அந்தச் சாக்கையே நக்கி நக்கிப் பாத்துக்கிட்டு இருக்கு" என்றாள். அழுத முகம். சாக்கை ஏன் நக்க வேண்டும் என்று அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும். எனக்கோ பையில் இருந்த மிளகாய்த் தூசியின் மேல்தான் புத்தி.

பதினான்காம் நாள் கோழி இறங்குவதற்கு முன்னால் தூசியைச் சுற்றிலும் கனமாகப் போட்டேன். தும்மல் பதினேழு. கண் சிவந்துவிட்டது. முகம் கழுவப் படியேறினேன். அதற்குள் கோழி இறங்கி வந்து, தூசியில் இருந்த விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தது. இரண்டு காலாலும் சீய்த்துச் சீய்த்து, வடக்குப் பக்கம் ஒரு முழத்துக்குத் தரையைச் சுத்தமாக்கிவிட்டது. உடும்பு அந்த வழியாகவே வந்து போயிருக்கிறது. நான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கியபோது முட்டை ஆறு. நான் போட்ட வேலியைக் கோழியே தின்று வழி விட்டிருக்கிறது. யாரைத் திட்டுவது?

அன்று சாயங்காலம் இன்னொன்றும் பார்த்தேன். உடும்பின் தடம் கண்ணை உறுத்துகிறதே என்று விளக்குமாற்றால் கொல்லையை ஒரு கோடு இல்லாமல் கூட்டியிருந்தேன். கோழியை மறுபடி ஒருதரம் தண்ணீருக்கு இறக்கிவிட்டபோது, உடும்பு கடந்துபோன இடத்துக்கு வந்ததும் அது சட்டென்று நின்றது. அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, மஞ்சளும் இல்லை, தடமும் இல்லை. கழுத்தை நீட்டித் தரைக்கு நெருக்கமாகக் கொண்டுபோய், உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, சுற்றி நடந்து போனது. பள்ளிக்கூடத்தில் படித்ததை நினைத்துக்கொண்டேன். மேலே நாற்காலியில் இருந்தவளிடம் மட்டும் சொல்லவில்லை.

பதினைந்தாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் முருங்கைக்கீரை பறிக்க வந்தாள். பட்டாசுக் கம்பெனியில் வேலை, தீபாவளி சீசன், ஆர்டர் நெருக்கடி. அவளுக்குப் பகலில் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட நேரம் இருந்ததில்லை. அன்று லீவு. மரம் கிழக்கு வேலியோரம் நிற்கிறது. கீரைக்குக் கையை உயர்த்தியவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"பெரியப்பா, இங்கன என்ன செத்துக் கெடக்கு?"

"ஒண்ணும் சாகல."

"சாகாமயா இம்புட்டு நாத்தம்? கொடலப் பெரட்டுது." காற்று வந்த திசையில் நடந்தாள். பெட்டிக்கு இரண்டடி முன்னால் நின்றுவிட்டாள். "இந்தச் சாக்குத்தான். ஆத்தாடி, எம்புட்டு நாளா இதப் போட்டு மூடி வச்சிருக்கீக?"

"பதினஞ்சு நாளா."

"கூமுட்டை நாத்தம் பெரியப்பா. உடும்புக்குப் பந்தல் போட்டு எலையும் போட்டு வச்சிருக்கீக. அது வராம என்ன செய்யும், கையக் களுவிட்டு ஒக்காரும்."

மேலேயிருந்து மனைவி மெதுவாகத்தான் கேட்டாள். "அன்னைக்குக் கை களுவினீகளே. கைய எதுல தொடச்சீக?"

நான் வேட்டியில் துடைக்கவில்லை. துண்டு மேலே கொடியில் இருந்தது. குனிந்தால் கைக்கெட்டும் இடத்தில் சாக்கு இருந்தது.

நோட்டை எடுத்துப் பார்க்கத் தேவையே இல்லை. முட்டை உடைந்தது ஏழாம் நாள். அதற்கு முந்தி ஆறு நாளும் பதினொன்று, பதினொன்று, பதினொன்று. அதற்குப் பிறகுதான் இறக்கம். வெறும் தண்ணீரில் கழுவிய கையை நான்கு தடவை அழுத்தித் துடைத்திருக்கிறேன். தினமும் அதே கையால் சாக்கைத் தூக்கி முட்டைகளை எடுத்து எண்ணி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பூசி வைத்திருக்கிறேன். மேல்காற்று அதைக் கிழக்கே கொண்டுபோய் உடும்பின் வாசலில் கொடுத்திருக்கிறது. வீடு மேற்கே இருப்பதால் அவளுக்கு அது வரவில்லை. கோழிக்குத் தெரிந்திருக்கும். சொல்ல அதற்கு வாய் இல்லை. அந்தக் கொல்லையில் மூக்குள்ள எல்லாவற்றுக்கும் தெரிந்த ஒன்று, காவலுக்கு உட்கார்ந்தவனுக்கு மட்டும் தெரியவில்லை.

"ஒத்த முட்டை போனா மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு எண்ண வந்துருவீக. ஒங்க எண்ணத்துலதான் அம்புட்டும் போச்சு" என்றாள். பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்து, "ஏத்தா, நீ அந்தப் பொட்டியத் தூக்கிட்டு மேல வா. கோளியோட. அவரு தொட வேண்டாம்" என்றாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கோழியும் பெட்டியும் ஆறு முட்டையும் படியேறிச் சமையலறை மூலைக்குப் போயின. சாக்கைப் பக்கத்து வீட்டுப் பெண்ணே குழி தோண்டிப் புதைத்தாள். வைக்கோலை மாற்றினாள். இரும்பையும் கரியையும் மறக்காமல் வைத்தாள். வத்தல் மட்டும் இல்லை. கோழி அதை எப்போதோ தின்றிருக்க வேண்டும்.

மறுநாள் பதினொன்றரைக்குக் கொல்லையில் நின்றேன். காற்றுக்குக் குறுக்கே, வடக்குச் சுவரோரம். உடும்பு வந்தது. நேராகப் பெட்டி இருந்த இடத்துக்குப் போய், மணலை நாக்கால் ஒற்றியது. அங்கிருந்து ஏழாம் நாள் நான் முட்டையை உதறிய மண்ணுக்குப் போனது. காக்கைகள் ஒன்பது நாளாக அந்த மண்ணைத் தாண்டித் தாண்டிப் பறந்தும் திரும்பிப் பார்க்காத இடம். அது நகத்தால் அங்கே ஒரு சாண் ஆழம் பறித்துப் பார்த்தது. மறுபடி பெட்டியின் இடம். மறுபடி மண். பதினொரு நிமிடம். எதுவும் கிடைக்காமல் போனது. எனக்கு அதன் மேல் கோபம் வரவில்லை. கோபப்பட வேண்டிய ஆள் அங்கே இன்னொருவன் இருந்தான்.

பதினெட்டாம் நாள் மனைவி, கோழி இறங்கிய நேரம் பார்த்து, நாற்காலியைப் பெட்டியருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு முட்டையாக எடுத்து மூக்கருகில் வைத்தாள்.

"டார்ச் அடிச்சுப் பாக்கட்டுமா?" என்றேன்.

"ஒங்க டார்ச்சு போதும்."

நான்காவது முட்டையில் அவள் முகம் சுளித்தது. அதைத் தனியே வைத்தாள். "இது ஆகாது" என்றாள். பக்கத்து வீட்டுப் பெண் வந்து எடுத்துப் போய்த் தூரத்தில் புதைத்தாள். இருப்பு ஐந்து. பொரிக்கும் நாள்வரை பெட்டிக்கு நான்கடிக்குள் போக எனக்கு அனுமதி இல்லை. அடைத்த மூக்கோடு ஒருவன் ஸ்டோர் வாசலில் நிற்பதுபோல் சமையலறை வாசலில் நின்றேன்.

இருபத்தோராம் நாள் நான்கு பொரித்தன. மறுநாள் காலையில் ஐந்தாவது. மகளுக்கு மனைவிதான் போன் செய்தாள். "அஞ்சு நிக்குது. போதும், ஒனக்கு ஒருத்திக்கு அஞ்சு தாராளம். ஒங்கப்பாவா? இருக்காக, எண்ணிக்கிட்டு" என்றாள்.

குஞ்சுகளுக்கு ஆறு நாள் ஆனதும், கூடையில் வைத்து ஏழு படி இறக்கினேன். கை சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவியது, துண்டில் துடைத்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய்க்கோழி முன்னால் நடக்க, ஐந்தும் அதன் காலடியில் ஓடின. நான் பின்னால், கையில் ஒரு கம்போடு.

முருங்கை மரத்துக்கு ஆறேழு அடி இருக்கும்போது கோழி நின்றது. காலையில்தான் கூட்டிய தரை. ஒரு தடம் இல்லை. வேலியில் ஓர் இலை அசையவில்லை. காற்று கிழக்கே போய்க்கொண்டிருந்ததால் அங்கிருந்து எதுவும் எங்களுக்கு வரவும் வழியில்லை என்று கணக்குப் போட்டேன். கோழி கழுத்தைத் தாழ்த்தி மண்ணருகே கொண்டுபோனது. அடித்தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்தது. ஐந்து குஞ்சும் அப்படியே தரையோடு தரையாக அமர்ந்துவிட்டன.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். வழக்கம்போல ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை, நட என்று கம்பால் தட்டியிருப்பேன், பதினைந்து நாளுக்கு முன்னால் என்றால்.

"என்ன நிக்கிறீக?" என்று மேலேயிருந்து கேட்டாள்.

"அது நிக்குது" என்றேன்.

நூற்றுப் பதினாறு எண்ணும்வரை அது நின்றது. பிறகு குஞ்சுகளைத் திருப்பிக்கொண்டு மேற்கே, தொட்டிப் பக்கம் போனது. நானும் திரும்பினேன். போகும்போது இன்னொரு தடவை எண்ணினேன், ஐந்து.